பதினேழு இடத்தில் எம்.ஏ.

இந்தப் பையைக் கால்கிட்டயே வச்சுக்கிறேன் தம்பி, மேல வைக்க வேணாம். உள்ள பொன்னாடை இருக்கு, கசங்கிரும். என் சம்பந்திக்குப் போர்த்தறதுக்கு வாங்கினது. போர்த்திட்டு, அதே கையோட அவர் மானத்தை வாங்கப் போறேன். இன்னைக்குப் பதினோரு மணிக்கு, மதுரையில, நூறு பேருக்கு முன்னாடி.

நீங்களும் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுலதானே இறங்குறீங்க? அப்ப சரி. இன்னும் காரியாபட்டியே வரலை, நேரம் கிடக்கு. யார்கிட்டயாவது சொல்லியாகணும் தம்பி. வீட்டுல சொல்ல முடியாது. என் வீட்டுக்காரி சரசுவதி இந்தப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. எட்டு வருஷமா அடுப்படிக்குப் போயிக்கிட்டிருக்கா.

சம்பந்தி பேரு திரவியம். நில அளவைத் துறையில சர்வேயரா இருந்து ரிடையர் ஆனவரு. அவர் மகன் தென்னரசுக்குத்தான் என் மக பொற்கொடியைக் கட்டிக் குடுத்திருக்கேன். மாப்பிள்ளை தங்கமான பையன், குறை சொல்ல மாட்டேன். அப்பாதான் அப்படி. ரிடையர் ஆன நாள்ல இருந்து எங்க போனாலும் ஒரு புத்தகம் போட்டுருவாரு. 'நான் கண்ட அந்தமான்' போட்டாரு. 'நான் கண்ட ஹரித்துவார்' போட்டாரு. இப்ப 'நான் கண்ட எடின்பரோ'. இன்னைக்கு ஓய்வூதியர் சங்கக் கட்டடத்துல அதுக்கு வெளியீட்டு விழா. முதல் பிரதியை வாங்கிக்கப் போறது நான்தான். வாங்கினவரு அஞ்சு நிமிஷம் பேசணும். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நான் ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன்.

ஏன்னா அந்தப் புத்தகத்துல இருக்கிறது பூராவும் பொய். எனக்கு எப்படித் தெரியும்கிறீங்களா? அதை அவருக்குச் சொன்னதே நான்தானே.

முதல்லேருந்து சொல்றேன். நான் முப்பத்திரெண்டு வருஷம் வரலாறு வாத்தியார். எங்க ஊர்ல வந்து என் பேரைச் சொல்லி, தனுஷ்கோடின்னு கேட்டா யாருக்கும் தெரியாது, எம்.ஏ. சார்னு கேட்டாத் தெரியும். பி.ஏ., பி.எட். முடிச்சு வேலைக்குச் சேர்ந்தப்புறம் எம்.ஏ.வைத் தபால்ல படிச்சேன். பத்துப் பேப்பர். ஒம்பது முடிச்சாச்சு. பத்தாவது பேப்பர் எழுத வேண்டிய வருஷம் பொற்கொடிக்கு டைபாய்டு. அடுத்த வருஷம் பாத்தா பாடத்திட்டத்தையே மாத்திட்டாங்க. பத்துக்கு ஒம்பது முடிச்சவனை எம்.ஏ.ன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணம் நிச்சயமாச்சு. பத்திரிகை ரெண்டு வீட்டுலயும் தனித்தனியா அடிச்சோம். எங்க பத்திரிகையில நான் எம்.ஏ., பி.எட்.னு போட்டுக்கிட்டேன். இவரு அவுக வீட்டுப் பத்திரிகைக்குப் பேரு கேக்கறதுக்கு ஒரு நீள நோட்டைத் தூக்கிக்கிட்டு நேர்ல வந்தாரு. தாய்மாமன் பேரு, சித்தப்பா பேரு எல்லாம் எழுதிக்கிட்டாரு. கடைசியா என் முகத்தைப் பாத்து, 'பட்டம் போடணும்ல சம்பந்தி, சர்டிபிகேட் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துருங்க'ன்னாரு.

கல்யாணப் பத்திரிகைக்கு ஜெராக்ஸ் கேட்ட ஆளை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? பத்திரப் பதிவா அது? பி.ஏ.வையும் பி.எட்.டையும் குடுத்தேன். எம்.ஏ. பரண்ல கிடக்கு, எடுத்துத் தர்றேன்னேன். ஒரு வாரம் பொறுத்தாரு. அப்புறம் அச்சடிச்சுட்டாரு. 'வை. தனுஷ்கோடி, பி.ஏ., பி.எட்.' அவ்வளவுதான்.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. மண்டபத்துல பந்தியில உக்காந்திருக்கேன். எதிர் வரிசையில எங்க ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் கோட்டைச்சாமி. ரெண்டு பத்திரிகையையும் இலைக்குப் பக்கத்துல ஜோடியா வச்சுக்கிட்டு, 'என்ன சார், பொண்ணு வீட்டுல எம்.ஏ., மாப்பிள்ளை வீட்டுல பி.ஏ.வா'ன்னான். அந்த வரிசையே சிரிச்சுச்சு. சாம்பார் வாளியை வச்சுக்கிட்டு நின்னவன்கூடச் சிரிச்சான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு தம்பி. என் மக கல்யாணத்துப் பாயசத்தை நான் வாயில வைக்கலை. இந்த மனுஷனை ஒருநாள் ஊர் சிரிக்க வைக்காம விடறதில்லைன்னு அந்த இலையில உக்காந்துதான் முடிவு பண்ணினேன்.

அந்தக் கோட்டைச்சாமிதான் இப்ப ஓய்வூதியர் சங்கச் செயலாளர். இன்னைக்கு முன் வரிசையில உக்காந்திருப்பான். அதான் எனக்கு இன்னும் விசேஷம்.

காரியாபட்டி வந்துருச்சு போல. இந்தாங்க, கடலை மிட்டாய் சாப்பிடுங்க. ஷுகர் இல்லையே உங்களுக்கு?

எடின்பரோங்கிறது ஸ்காட்லாந்துல ஒரு பழைய ஊரு. நடுவுல ஒரு குன்று, குன்று மேல கோட்டை, சுத்தி எல்லாம் கறுத்த கல்லுக் கட்டடம். மதுரை மாதிரின்னு சொல்ல மாட்டேன், மதுரை மதுரைதான். மாப்பிள்ளைக்கு அங்க வேலை. பொற்கொடி பிரசவத்துக்கு நானும் சரசுவதியும் போயி அஞ்சு மாசம் இருந்தோம். சரசுவதி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பா, நான் ஊரைச் சுத்திக்கிட்டு இருப்பேன். எந்தக் கட்டடம் எப்பக் கட்டினது, எந்தச் சிலை யாரு, எல்லாம் எனக்கு மனப்பாடம். வரலாறு வாத்தியார்ல.

அப்பத்தான் சம்பந்தி பேரனைப் பாக்க இருபது நாள் வந்தாரு. தனியா வந்தாரு. அவர் சம்சாரம் தவறி அப்ப ஒரு வருஷம் ஆகலை. நல்ல பொம்பளை, அதைச் சொல்லணும். என் எம்.ஏ. விஷயத்துல அந்தம்மாவுக்குப் பங்கில்லை. மனுஷன் வந்ததிலேருந்து ஜன்னல் ஓரத்துலயே உக்காந்திருந்தாரு. பொற்கொடி என்கிட்ட வந்து, 'அப்பா, மாமா பேச்சே இல்லாம இருக்காங்க, ஒருநாள் கூட்டிட்டுப் போய் ஊரைக் காட்டுங்க'ன்னா. கூட்டிட்டுப் போக என்ன, நல்லாக் கூட்டிட்டுப் போறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். மே மாசம். இங்க அக்னி நட்சத்திரம், அங்க ஸ்வெட்டருக்கு மேல கோட்டு. அவரு அதுக்கும் மேல குரங்குக் குல்லா. மாடி பஸ்ல மேல முன் சீட்டு. உக்காந்ததும் அந்த நீள நோட்டை எடுத்துட்டாரு. எனக்கு வயிறு குளுந்துருச்சு. புத்தகம் போடப் போறாரு!

பேனாகூட இல்லை, பென்சில். என்ன சம்பந்தி பென்சில்னு கேட்டேன். அதுக்கு ஆபீஸ் புராணத்தை ஆரம்பிச்சாரு. ஸ்பாட்ல பென்சில்தானாம், வீட்டுக்கு வந்து சரிபாத்த பிறகுதான் மையாம். தானே அளந்ததைச் சும்மா எழுதிக்கிறதாம், அடுத்தவங்க வாய்மொழியாச் சொன்னதுன்னா பக்கத்துலேயே அவங்க பேரையும் எழுதிக்கிறதாம், நாளைக்கு வரப்புத் தகராறு வந்தா வேணும்னு. நான் எங்க கேட்டேன். அவரு சர்வே புராணம் ஆரம்பிச்சா நான் வெளிய பாக்க ஆரம்பிச்சுருவேன்.

கோட்டைக்குக் கீழ ஒரு பெரிய பூங்கா. ஒரு காலத்துல அது ஏரி, தண்ணியை வடிச்சுட்டுப் பூங்கா ஆக்கிட்டாங்க. அதை உள்ளபடியே சொல்லிட்டேன். வாத்தியார் வாய், பழக்கம். சொன்னப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். சரி, இனிமே பாரு மகனேன்னு ஆரம்பிச்சேன்.

பூங்காவுக்குப் பக்கத்துல கூரா, கறுப்பா, உசரமா ஒரு கோபுரம். அந்த நாட்டு எழுத்தாளர் ஒருத்தருக்குக் கட்டினது. எழுத்தாளருக்கு இம்புட்டு உசரம்னு தெரிஞ்சா இவரு தலை கால் புரியாம ஆடுவாரு. அதனால, இது ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கட்டினது, முப்பது வருஷத்துல ஒரு ரயிலைக்கூட லேட்டா விடாத மனுஷன்னேன். ரயில்வே ஸ்டேஷனும் கிட்டக்கவே இருக்கா, அப்படியே பொருந்திக்கிச்சு. எழுதிக்கிட்டாரு.

கோட்டைக்கு ஏறினோம். இந்தக் குன்று இயற்கை இல்லை, யானை வச்சு மண்ணும் கல்லும் கொட்டி எழுப்பினது, அந்த யானையெல்லாம் நம்ம பாண்டிய நாட்டுலேருந்து கப்பல்ல போனதுன்னேன். பென்சில் நின்னுச்சு. என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். 'எத்தனை யானை சம்பந்தி'ன்னாரு. நாப்பத்திரெண்டுன்னேன். நாப்பத்திரெண்டுன்னு எழுதிக்கிட்டாரு.

அங்கேயே பெஞ்சுல உக்காந்து பொற்கொடி கட்டிக் குடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரிச்சோம். சரியா ஒரு மணிக்குக் கோட்டையில பீரங்கி வெடிச்சுச்சு. ஞாயித்துக்கிழமை தவிர தினம் வெடிப்பாங்க, இவருக்குத் தெரியாது. சாதம் பாதி தரையில. கடல் புறா நாலு வந்து கொத்திட்டுப் போயிருச்சு. நான் சிரிச்ச சிரிப்புல, அந்தக் காலத்துல கப்பல்காரங்க கடிகாரத்தைச் சரிபண்ணிக்கிறதுக்காக ஆரம்பிச்ச வழக்கம்னு உள்ளதைச் சொல்லிட்டேன். அது ரெண்டாவது நிஜம். அன்னைக்குப் பூரா மூணே நிஜம்தான் என் வாயில வந்துச்சு. பொய் பதினேழு. துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருக்கேன், பையில இருக்கு.

கோட்டையிலேருந்து கீழ இறங்குற பெரிய வீதியில ஒருத்தன் பாவாடை மாதிரி கட்டிக்கிட்டுப் கக்கத்துல ஒரு தோல்பையை இடுக்கிப் பைக்குழல் ஊதிக்கிட்டு நின்னான். அந்தப் பாவாடையில எத்தனை மடிப்போ அத்தனை தாய்மாமன் அவனுக்குன்னேன். இவரு அவனுக்குப் பின்னாடி போய் நின்னு, பென்சிலை நீட்டி நீட்டி மடிப்பை எண்ணினாரு. இருபத்தாறு. 'இருபத்தாறு தாய்மாமனா'ன்னாரு. பெரிய குடும்பம்னேன்.

இதெல்லாம் விளையாட்டு. அடுத்து செஞ்சதுதான் பழி. சொல்லவா? சொல்றேன். இப்ப நினைச்சாலும் எனக்கு இனிக்குது.

அதே வீதியில ஒரு பெரிய சர்ச். அதுக்கு முன்னாடி தரையில கல்லாலயே இதயம் மாதிரி பதிச்சிருக்கும். பழைய காலத்துல அங்க ஜெயில் இருந்துச்சு. அந்த ஊர்க்காரங்க அதைத் தாண்டிப் போறப்ப அதுல காறித் துப்பிட்டுப் போவாங்க. இப்ப அதிர்ஷ்டத்துக்குன்னு துப்புறாங்க. நான் சம்பந்தியைக் கூட்டிட்டுப் போயி, இது ரொம்பப் புனிதமான இடம், செருப்பைக் கழட்டிட்டுத் தொட்டுக் கும்பிடணும்னேன்.

மனுஷன் ஷூவைக் கழட்டினாரு. சாக்ஸையும் கழட்டினாரு. அந்தக் குளிர்ல வெறுங்காலோட குனிஞ்சு, அந்தக் கல்லை விரலால தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு என்னமோ வேண்டிக்கிட்டாரு. நாலு பேர் நின்னு பாக்குறாங்க. கோட்டைச்சாமி சிரிச்ச சிரிப்பு அப்பத்தான் என் காதை விட்டு இறங்குச்சு தம்பி. ஆறு வருஷத்து எரிச்சல் அன்னைக்குத்தான் அடங்குச்சு.

அவரு எந்திரிச்சு ஷூவைப் போடுறதுக்குள்ள ஒரு வெள்ளைக்காரன் வந்தான். போற போக்குல அதே கல்லுல துப்பிட்டுப் போயிட்டான். சம்பந்தி அதைப் பாத்தாரு. தன் விரலைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. துப்பினா திருஷ்டி கழியும்னு ஒரு வழக்கம்னேன். தலையை ஆட்டிக்கிட்டாரு. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஒண்ணும் கேக்கலை. ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கும் நல்லாயிருந்திருக்கும்.

கொஞ்ச தூரம் நடந்தோம். முக்குல ஒரு சின்ன நாய் சிலை. எசமான் செத்ததும் அவன் சமாதியிலேயே பதினாலு வருஷம் கிடந்து செத்த நாய்னு சொல்லுவாங்க. அதுக்கு நான் முந்தின நாளே ஒரு பொய் தயார் பண்ணி வச்சிருந்தேன். ராஜாவைக் கடிச்ச நாய்னு. அவரு பென்சிலை எடுத்துக்கிட்டு என் முகத்தைப் பாக்குறாரு. எனக்கு வரலை தம்பி. உள்ளதைத்தான் சொன்னேன். 'பதினாலு வருஷமா'ன்னு மட்டும் கேட்டாரு. அங்கேயே ஒரு சுவர்ல கொஞ்ச நேரம் சாஞ்சு நின்னாரு. நானும் நின்னேன். சும்மா, கால் வலி.

சாயந்தரம் இன்னொரு குன்று. அது மேல வரிசையாக் கல்தூண் மட்டும் நிக்கும், கூரை இல்லை. நினைவு மண்டபம் கட்ட ஆரம்பிச்சு, பணம் பத்தாம விட்டுட்டாங்க. நான், ரெண்டு சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து கட்ட ஆரம்பிச்சது, கல்வெட்டுல ஒருத்தர் பட்டத்தை இன்னொருத்தர் விட்டுட்டாரு, அந்தச் சண்டையில அப்படியே நின்னு போச்சுன்னேன். வேணும்னேதான் சொன்னேன். புரியட்டும்னு.

அவரு எழுதலை. அந்தத் தூணையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், 'அந்தப் பட்டம் அவருக்கு அவ்வளவு முக்கியம்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தாப் போட்டிருப்பாங்க சம்பந்தி'ன்னாரு. குளுருது, இறங்குவோம்னேன். இறங்குறதுக்கு முன்னாடி அதையும் எழுதிக்கிட்டாரு.

ஊருக்கு வந்தப்புறம் ஆறு மாசம் அந்த நோட்டோடயே கிடந்தாராம். மாப்பிள்ளை போன்ல சொன்னாரு, அப்பா எந்நேரமும் கம்ப்யூட்டர்ல எதையோ பாத்துக்கிட்டே இருக்காங்க, எடின்பரோ லைப்ரரிக்கு லெட்டரெல்லாம் போடச் சொல்றாங்கன்னு. புத்தகம் போடுற ஆளுக்கு ஆயிரம் ஜோலின்னு நான் விட்டுட்டேன்.

இப்பப் புரியுதா? இன்னைக்கு முதல் பிரதியை வாங்கிக்கிட்டு மைக்கைப் பிடிச்சு, யானை பொய், ஸ்டேஷன் மாஸ்டர் பொய், தாய்மாமன் பொய்னு ஒண்ணொண்ணா உடைக்கப் போறேன். சொன்னதையெல்லாம் நம்பி அச்சடிச்ச சர்வேயரைப் பாருங்கன்னு கோட்டைச்சாமியே சிரிக்கணும். சிரிப்பு இந்தப் பக்கம் திரும்பணும்.

புத்தகமா? இருக்கே. நேத்துத்தான் ஆள்கிட்ட குடுத்து விட்டாரு. நான் இன்னும் பிரிக்கலை. அந்தாளு தமிழை யாரு படிக்கிறது. எனக்கு என் சீட்டு போதும். பிரிங்க, நீங்களே பிரிங்க. யானை எங்கேன்னு பாருங்க. கண்ணாடி பைக்குள்ள கிடக்கு, நீங்களே வாசிங்க.

என்னது? இன்னொரு தடவை வாசிங்க.

'இக்குன்று நாற்பத்திரண்டு யானைகளைக் கொண்டு எழுப்பப்பட்டதாக என் சம்பந்தி திரு. வை. தனுஷ்கோடி, எம்.ஏ., பி.எட். அவர்கள் தெரிவித்தார்.'

எம்.ஏ. போட்டிருக்காரா? எங்க, காட்டுங்க. இருங்க, கண்ணாடியை எடுத்துக்கிறேன். அட, ஆமா. அச்சுல. எட்டு வருஷம் கழிச்சுப் போட்டிருக்காரு பாருங்க. வரட்டும். அடுத்தது திருப்புங்க, ஸ்டேஷன் மாஸ்டர். அதுலயுமா? தாய்மாமன்? அதுலயும் 'வை. தனுஷ்கோடி, எம்.ஏ., பி.எட். தெரிவித்தார்'. பரவாயில்லையே.

இருங்க. இருங்க. எல்லாத்துலயுமா என் பேரு இருக்கு? இந்தச் சீட்டை வச்சு எண்ணுங்க. பதினேழா? பதினேழுலயுமா?

அப்ப நான் மேடையில யானை பொய்யின்னா, பொய் சொன்னது யாருன்னு அவனவன் பக்கத்தைத் திருப்பிப் பாப்பானே. தனுஷ்கோடி, எம்.ஏ., பி.எட்.னுல்ல போட்டிருக்கு.

ஏரியைப் பாருங்க. நான் சரியாச் சொன்னேன்ல, பூங்காவா ஆன ஏரி. அதுல என் பேரு இருக்கா? இல்லையா? பீரங்கி? அதுலயும் இல்லையா? எவ்வளவு வஞ்சகம் பாத்தீங்களா தம்பி. பொய்க்கெல்லாம் என் பேரு, நிஜத்துக்கு மட்டும் பேரு இல்லை. வேணும்னே...

என்ன, போன்ல என்ன காட்டுறீங்க? இந்தக் கோபுரம்தான். ஆமா, எழுத்தாளருக்குன்னுதான் போட்டிருக்கு. நான்தான் முன்னாடியே சொன்னேனே. நீங்க எப்பத் தேடுனீங்க, இப்பவா? ஒரு நிமிஷம்கூட ஆகலையே.

ஒரு நிமிஷம்கூட ஆகலை. அவரு ஆறு மாசம் பாத்திருக்காரு.

ஸ்பாட்ல பென்சில், சரிபாத்த பிறகு மை. தானே அளந்தது சும்மா. அடுத்தவங்க வாய்மொழின்னா அவங்க பேரு. பஸ்ல சொன்னாரே தம்பி. என் பக்கத்துல உக்காந்து சொன்னாரே. அப்ப ஏரியை அளந்துட்டாரு, பீரங்கியை அளந்துட்டாரு. யானையும் தாய்மாமனும் நான் சொன்னது. எம்.ஏ.வும் நான் சொன்னது.

தண்ணி இருக்கா உங்ககிட்ட?

அந்தக் கல்லு. இதயம் மாதிரி இருக்கிற கல்லு. அதை என்னன்னு போட்டிருக்காருன்னு பாருங்க. மெதுவா வாசிங்க.

'காலணியைக் கழற்றித் தொட்டு வணங்க வேண்டிய இடம் இது என்று என் சம்பந்தி திரு. வை. தனுஷ்கோடி, எம்.ஏ., பி.எட். அவர்கள் தெரிவித்தார். நான் வணங்கினேன்.'

அவ்வளவுதானா? துப்பினதைப் பத்தி ஒண்ணும் இல்லையா? அடுத்த வரி? இல்லையா.

நாய் இருக்கா? சின்ன நாய் சிலை. குடுங்க, நானே வாசிக்கிறேன். 'எசமானன் இறந்த பின் இந்த நாய் பதினான்கு ஆண்டுகள் அவன் கல்லறையை விட்டு அகலவில்லை என்பது இவ்வூர் மக்கள் சொல்லிவரும் செய்தி. நூலகத்தாரிடம் எழுதிக் கேட்டேன். அவர்களும் அவ்வாறே எழுதினார்கள். இதைச் சொன்னபோது என் சம்பந்தியின் கண் கலங்கியது. அது நான் நேரில் கண்டது.'

நான் எங்க கலங்கினேன்? காத்து தம்பி. அந்த ஊர்ல மே மாசம் அடிக்கிற காத்துக்கு யாருக்கும் கண்ணுல தண்ணி வரும். இங்க பாருங்க, இங்க மட்டும் பேரு இல்லை, எம்.ஏ. இல்லை. வெறும் சம்பந்தி.

மண்டேலா நகர் வந்துருச்சா? இன்னும் இருபது நிமிஷம். இருங்க, யோசிக்க விடுங்க. பொய்யின்னு சொன்னா நான் பொய்யன். சொல்லாம பொன்னாடையைப் போர்த்திட்டு வந்துட்டா, நாளைக்கு அந்தக் கோட்டைச்சாமி இதைப் படிச்சுட்டு நாப்பத்திரெண்டு யானையையும் நம்ம தெருவுல ஓட்டிட்டு வருவான். இப்படி வசமா ஒரு மனுஷனை மாட்டி விடுவாங்களா? ஜெராக்ஸ் கேட்டப்பவே தெரிஞ்சிருக்கணும் எனக்கு.

விட மாட்டேன் தம்பி. தனுஷ்கோடி அப்படி விடுற ஆள் இல்லை. ஒண்ணு இருக்கு.

இந்த சர்வேயரு தன் வாழ்நாள்ல ஒரு வரப்பைக்கூடத் தப்பாப் பதிஞ்சதில்லைன்னு பீத்திக்கிறவரு. மையில எழுதினதை அழிச்சதே இல்லையாம். சரி. நான் மேடையில ஏறி, மைக்கைப் பிடிச்சு, முதல் வார்த்தையா இதைச் சொல்றேன். 'என் பேரு தனுஷ்கோடி. பி.ஏ., பி.எட். எம்.ஏ.வுல பத்தாவது பேப்பர் நான் எழுதலை. எனக்கு எம்.ஏ. கிடையாது. அதனால சம்பந்தி புத்தகத்துல பதினேழு இடத்துல தப்பு இருக்கு.' எப்படி? முன்னூறு பிரதி அடிச்சாச்சு. முன்னூறுலயும் பதினேழு தப்பு. இனிமே அவரு அழிக்கவா முடியும்? கோட்டைச்சாமி முன்னாடி, நூறு பேரு முன்னாடி, அந்த மனுஷன் முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும் எனக்கு. அதோட தீர்ந்துச்சு என் பழி.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? பழிதான். சந்தேகமே வேணாம்.

எழுதி வச்சுக்கணும், மேடையில மறந்துரும். இந்தச் சீட்டுக்குப் பின்பக்கம் இடம் இருக்கு. பென்சிலா? பென்சில் வேணாம். அந்தப் பேனாவைக் குடுங்க.